மூன்று கிளப்புகள், நான்கு கோப்பைகள்: சீடோர்ஃபை எந்த வரிசையில் வைப்பது?

நடுக்கோடு (கேள்வி)

நெதர்லாந்தின் நடுக்கள வீரர் கிளாரன்ஸ் சீடோர்ஃபின் ஆட்டங்களைச் சில வாரங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அயாக்ஸ், சம்ப்டோரியா, ரியல் மாட்ரிட், இன்டர், ஏசி மிலான், கடைசியாக பிரேசிலின் போட்டஃபோகோ என்று நான்கு நாடுகளில் ஆறு கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறார். அயாக்ஸுக்காக 1995-லும் ரியல் மாட்ரிடுக்காக 1998-லும் மிலானுக்காக 2003, 2007 ஆகிய ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார். மூன்று வெவ்வேறு கிளப்புகளுக்காக அதை வென்ற முதல் வீரர் அவர்தான்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒரு குழப்பம் நீங்கவில்லை. அந்த நான்கு இறுதிப் போட்டிகளில் ஒன்றில்கூட அவர் கோல் அடிக்கவில்லை. 1995-ல் இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். 2003-ல் பெனால்டிகளில் முடிவான ஆட்டத்தில் அவர் உதைத்ததை ஜுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் தடுத்துவிட்டார். கோப்பைகளைப் பற்றிப் பேசும்போது கிளைவர்ட், மியாத்தோவிச், ஷெவ்சென்கோ, இன்சாகி என்ற பெயர்கள்தான் வருகின்றன. இவர் பெயர் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருகிறது. நல்ல அணிகள் நல்ல நிலையில் இருந்தபோது அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு அவருக்கு அமைந்ததா, அல்லது அவர் இருந்ததால்தான் அந்த அணிகள் அப்படி ஆடினவா? இன்டரில் மட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

எட்டாம் எண்

உங்கள் கடைசிக் கேள்வியில்தான் மற்றக் கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே போவதற்கு முன் அயாக்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

சுரிநாமின் தலைநகர் பராமரிபோவில் 1976 ஏப்ரல் 1 அன்று பிறந்து, சிறு குழந்தையாக நெதர்லாந்துக்கு வந்த சீடோர்ஃப், 1992-ல் பதினாறு வயதிலேயே அயாக்ஸின் முதல் அணியில் ஆடினார். பயிற்சியாளர் லூயி வான் காலின் அந்த அணியில் இடம் என்பது ஒருவர் விரும்பி நிற்கும் இடமல்ல, பந்து எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும் கணக்கு. வலப்புற நடுக்களத்தில் சீடோர்ஃப், இடப்புறம் டேவிட்ஸ், முனையில் லிட்மானன், பின்னால் ரைகார்ட் என்று நின்ற அந்த அணி 1994-95 பருவத்தின் லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்தது. வியன்னாவில் மிலானுக்கு எதிரான இறுதிப் போட்டியில் சீடோர்ஃப் வெளியேற, அவருக்குப் பதில் கனு வந்தார்; பிறகு லிட்மானனுக்குப் பதில் வந்த கிளைவர்ட் 85-ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார். களத்தில் முன்களத்தினர் கூடக் கூட மிலானின் தற்காப்பு தளர்ந்தது என்பது பயிற்சியாளரின் கணக்கு பலித்த கதை. அதை வைத்துச் சீடோர்ஃப் சரியாக ஆடவில்லை என்று முடிவு கட்ட முடியாது. அப்போது அவருக்கு வயது 19.

கோப்பை வென்ற அந்தக் கோடையிலேயே அவர் சம்ப்டோரியாவுக்குப் போனதைப் பலர் இன்றும் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். ஐரோப்பாவின் முதல் அணியை விட்டு இத்தாலிய லீக்கின் நடுத்தர அணிக்கு ஏன் போக வேண்டும்? அந்தக் காலத்தின் இத்தாலிய லீக்கை நினைவில் கொண்டால் விடை கிடைக்கும். நடுக்கள வீரர் ஒருவருக்கு அதைவிடக் கடினமான பள்ளி வேறில்லை. ஸ்வென் கோரன் எரிக்சன் பயிற்சியாளர். அணியில் மன்சினியும் மிஹைலோவிச்சும் கரெம்பூவும் இருந்தார்கள். அங்கே ஒரே ஒரு பருவம்தான். அயாக்ஸில் பந்து தானாகவே அவரிடம் வந்து சேரும். இங்கே அதை எதிராளியின் காலிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் இருவர் மூவர் சூழ்ந்து நின்றாலும் உடம்பை நடுவே வைத்துப் பந்தை மறைத்துக்கொள்வாரே, அந்தப் பழக்கம் அயாக்ஸில் இருந்ததைவிட இங்கேதான் உரம்பெற்றது என்பது என் கணிப்பு.

1996-ல் கபெல்லோ ரியல் மாட்ரிடின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றபோது சீடோர்ஃபும் அங்கே போனார். முதல் பருவத்திலேயே ஸ்பானிய லீக் பட்டம். மறு பருவத்தில் ஹெயின்க்கஸின் கீழ், 32 ஆண்டுகளாக ஐரோப்பியக் கோப்பை காணாத அந்தக் கிளப் ஜுவென்டஸை 1-0 என்று வீழ்த்தியது. அந்த இறுதிப் போட்டி நடந்த இடம் ஆம்ஸ்டர்டாம். எதிரணி நடுக்களத்தில் பழைய தோழர் டேவிட்ஸ். ரெடொண்டோ நடுவில் நின்று ஆட்டத்தை நடத்த, அவருக்கு இருபுறமும் சீடோர்ஃபும் கரெம்பூவும் ஓடியும் மறித்தும் இடம் அமைத்துக் கொடுத்தார்கள். ஒரு பெரிய அணியில் மற்றொருவரின் ஆட்டத்துக்காகத் தன் ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்வது என்றால் என்ன என்பதை அந்த ஒரு போட்டியைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

இனி இன்டர். 1999-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அவர் அங்கே போனார். இரண்டரை ஆண்டுகளில் லிப்பி, தார்தெல்லி, கூப்பர் என மூன்று பயிற்சியாளர்கள், ஆளுக்கொரு திட்டம். கூப்பரின் 4-4-2 அமைப்பில் இரண்டு மைய வீரர்களும் இரண்டு ஓர வீரர்களும்தான் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த உள்வெளியில் நிற்பவருக்கு நாற்காலியே கிடையாது. சீடோர்ஃப் ஓரத்தில் நின்றால் வேகம் போதாது, மையத்தில் நின்றால் முன்னே போகும் உரிமை இல்லை. அப்படியும் 2002 மார்ச்சில் ஜுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்து 2-2 என்று ஆட்டத்தைக் காப்பாற்றினார். அதே ஆண்டு மே 5 அன்று, கடைசிச் சுற்றில் லாட்சியோவிடம் 4-2 என்று தோற்று, கைக்கு வந்த பட்டத்தை இன்டர் நழுவவிட்டது. அந்தக் கோடையில் பிரான்செஸ்கோ கோக்கோவைப் பெற்றுக்கொண்டு சீடோர்ஃபை அதே நகரத்து எதிரியான மிலானுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்னர்தான் பிர்லோவும் இதே வழியில் போயிருந்தார். அடுத்த பத்தாண்டுகளுக்கான நடுக்களத்தில் பாதியைத் தன் எதிரிக்குத் தானே எடுத்துக்கொடுத்த கிளப் என்று இன்டரைச் சொன்னால் மிகையாகாது.

மிலானில் பயிற்சியாளர் அன்செலோட்டி ஒரு காரியம் செய்தார். பிர்லோவை நடுவில் ஆழமாக நிறுத்தினார். வலப்புறம் கட்டூசோ, இடப்புறம் சீடோர்ஃப், முன்னால் ருய் கோஸ்டா. பிறகு ருய் கோஸ்டாவின் இடத்துக்குக் காகா வந்தார். அதாவது இன்டரில் இல்லாத அந்த நாற்காலியை இவருக்கென்றே போட்டுக் கொடுத்தார். எதிரணி பிர்லோவை நெருக்கும்போதெல்லாம் பந்து இடப்புறம் வந்து சேரும். சீடோர்ஃப் அதை இரண்டு மூன்று நொடிகள் காலடியில் வைத்திருப்பார். அதற்குள் மற்றவர்கள் எழுந்து முன்னே போய்விடுவார்கள். புள்ளிவிவரத்தில் அது ஒரு சாதாரண பாஸ் என்றுதான் பதிவாகும். அந்த இரண்டு நொடியை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

நடுக்கோடு

இந்த விளக்கத்துக்கு மிக்க நன்றி. அயாக்ஸை விட்டுப் போன மறு ஆண்டே அயாக்ஸ் மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்தது, ரியலை விட்டுப் போன சில மாதங்களில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் ரியல் மீண்டும் கோப்பையை வென்றது என்பதையும் கவனித்தேன். இவர் இல்லாமலும் அந்த அணிகள் நன்றாகத்தானே இருந்தன என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

பெனால்டிப் புள்ளி

நான் அதே கேள்வியைக் கேட்பவர்களின் பக்கம். எட்டாம் எண் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தேசிய அணியைப் பற்றி அவர் ஒரு சொல்கூட எழுதவில்லை. சீடோர்ஃபின் மதிப்பு குறைந்தது அங்கேதான்.

நெதர்லாந்துக்காக 87 போட்டிகளில் 11 கோல்கள். எண்ணிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1996 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆட்டம் 0-0 என முடிந்து பெனால்டிகளுக்குப் போனபோது, உதைத்த பத்துப் பேரில் தவறவிட்டவர் அவர் ஒருவரே. அதற்கடுத்த ஆண்டு ஏப்ரலில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் துருக்கிக்கு எதிராக, 1-0 என்று பின்தங்கியிருந்த நிலையில் கிடைத்த பெனால்டியை அவரே எடுக்க முன்வந்து, குறுக்குக் கம்பத்துக்கு மேலே வெகு உயரத்தில் பறக்கவிட்டார். அந்தப் பந்து போன உயரம் நெதர்லாந்து ரசிகர்களின் கேலிப் பேச்சில் நெடுநாள் இருந்தது. பொறுப்பைத் தட்டிக்கழிக்காதவர் என்று இதைப் பாராட்டலாம். ஆனால் தன்னைவிடச் சிறப்பாக உதைப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது பந்தைத் தான் எடுத்துக்கொள்வதைத் தன்னம்பிக்கை என்பதா, பிடிவாதம் என்பதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

உலகக் கோப்பை என்று பார்த்தால் 1998 ஒன்றுதான். 2002-க்கு அணியே தகுதி பெறவில்லை. 2006-க்குப் பயிற்சியாளர் வான் பாஸ்டன் அவரைச் சேர்க்கவில்லை. 2008 யூரோவுக்கு முன் அவரே விலகிக்கொண்டார். மிலானில் மிகச் சிறப்பாக ஆடிய ஆண்டுகளில் தேசிய அணிக்கு அவர் பெரிதும் பயன்படாமல் போனார். இதில் பயிற்சியாளர்களின் தவறும் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் எல்லோரிடமும் ஆட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டே இருந்தால், சில உடைமாற்றும் அறைகளில் அதை அறிவுரை என்று கொள்வார்கள், சிலவற்றில் அதிகாரம் என்று கொள்வார்கள். மிலானின் மூத்தவர்கள் அதை முதல் வகையாக எடுத்துக்கொண்டார்கள். நெதர்லாந்தில் அப்படி நடக்கவில்லை.

எட்டாம் எண்

நியாயமான மறுப்பு. துருக்கிப் பெனால்டியை நான் வேண்டுமென்றே தவிர்க்கவில்லை. கேள்வி கிளப்புகளைப் பற்றியது என்பதால் விட்டுவிட்டேன். ஆனால் அதே மனிதர் 2003-ல் மான்செஸ்டரில் மறுபடியும் உதைக்க முன்வந்தார் என்பதையும் பாருங்கள். ஆன்ஃபீல்டுக்கும் அந்தத் துருக்கி ஆட்டம் நடந்த புர்சாவுக்கும் பிறகு, ஓர் இறுதிப் போட்டியில் மிலானுக்காக இரண்டாவதாக நடந்துபோய்ப் பந்தை வைத்தார். தவறவிட்டார் என்பது உண்மை. மிலான் கோல்கீப்பர் தீடா மூன்று உதைகளைத் தடுத்ததால் அது மறக்கப்பட்டது என்பதும் உண்மை. தொடர்ந்து தவறவிட்ட ஒருவரை மீண்டும் அனுப்ப அன்செலோட்டிக்கு எது துணிவு தந்தது என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி.

நடுக்கோடு கேட்டதற்கு: அந்த அணிகள் இவரின்றியும் வென்றன என்பதில் மறுப்பில்லை. தனியொருவரால் நிற்கும் அணிகள் அல்ல அவை. இவரும் அப்படித் தனியாகத் தாங்கும் வீரர் அல்லர். அதனால்தான் 2007-ஐப் பார்க்கச் சொல்கிறேன். அந்த ஆண்டு மட்டும் கணக்கு வேறு.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 3-2 என்று வென்றிருந்தது. மே 2 அன்று மிலானின் மைதானமான சான் சீரோவில் இரண்டாவது ஆட்டம், கொட்டும் மழை. முன்களத்தில் ஒரே ஒருவர், அவருக்குப் பின்னால் காகாவும் சீடோர்ஃபும், அவர்களுக்குப் பின்னால் மூவர். 11-ஆம் நிமிடத்தில் காகா அடித்தார். அரைமணி நேரம் ஆனபோது, பெட்டியின் விளிம்பில் துள்ளி வந்த பந்தைச் சீடோர்ஃப் தன்வசப்படுத்தினார். வழுக்கும் தரையில் மற்றவர்களின் கால் தடுமாறிக்கொண்டிருந்தது. இவரோ அடி பிசகாமல் ஒருமுறை திரும்பி, மறித்தவர்களை விலக்கி, வலக்காலால் தரையோடு ஒட்டி மூலைக்கு அனுப்பினார். எதிரே பாய்ந்த கோல்கீப்பர் வான் டெர் சார். 1995-ல் வியன்னாவில் இருவரும் ஒரே சட்டை அணிந்து நின்றவர்கள். ஆட்டம் 3-0 என முடிந்தது. ஏதென்ஸில் நடந்த இறுதிப் போட்டியில் இன்சாகி இரண்டு கோல் அடித்து லிவர்பூலை 2-1 என்று வென்றபோது எல்லோரும் அவரைப் பேசினார்கள். ஆனால் அந்தப் பருவத்தின் சிறந்த நடுக்கள வீரர் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ தரும் விருது சீடோர்ஃபுக்குத்தான் போனது. அப்போது அவருக்கு வயது 31.

இன்டர் ரசிகர்கள் மன்னிக்கட்டும், 2004 பிப்ரவரியில் இன்டரும் மிலானும் மோதிய நகர டெர்பியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்டர் 2-0 என்று முன்னணியில் இருந்தது. தோமாசன், காகா, இறுதியில் சீடோர்ஃப் என்று மூவர் அடித்து 3-2 ஆக்கினார்கள். வெற்றிக் கோலைப் பழைய வீட்டுக்காரரே அடித்தார்.

ஓரக்கோடு

இருவரும் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். சீடோர்ஃபோடு ஒப்பிட வேண்டியவர் எட்கர் டேவிட்ஸ்தான். அவரும் பராமரிபோவில் பிறந்தவர், அயாக்ஸில் வளர்ந்தவர், 1995-ல் கோப்பை வென்றவர். அதற்குப் பின் மிலான், ஜுவென்டஸ், பார்சலோனா, இன்டர், டாட்டன்ஹாம், மீண்டும் அயாக்ஸ், கிரிஸ்டல் பேலஸ், கடைசியில் இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவில் பார்னெட் என்று சுற்றினார். பார்னெட்டில் நடுக்கள வீரராக இருந்துகொண்டே முதல் எண் சட்டையை அணிந்தார், அப்படியொரு மனிதர்.

டேவிட்ஸ் எங்கே போனாலும் ஒரே ஆட்டம்தான் ஆடினார்: பந்தை வேட்டையாடுவது. அதனால் அவருக்கு இடம் அமைந்த அணி உடனே மாறியது. 2004 ஜனவரியில் தற்காலிக ஒப்பந்தத்தில் பார்சலோனாவுக்கு வந்தபோது அந்த அணி அட்டவணையின் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்தது. பருவம் முடியும்போது இரண்டாம் இடத்தில் இருந்தது. இடம் அமையாத மிலானிலோ ஒன்றரைப் பருவம்கூடத் தாங்கவில்லை. சீடோர்ஃப் அதற்கு நேர்மாறு. வலப்புறம், இடப்புறம், ஆழம், முனை என்று கொடுத்த இடத்தில் தன்னைப் பொருத்திக்கொண்டார். ஆகவே எந்த அணியையும் அவர் ஒரே நாளில் மாற்றவில்லை. எந்த அணியிலும் அவரைத் தனியே சுட்டிக்காட்டுவதும் எளிதாக இல்லை. டேவிட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லலாம். கண்ணாடியும் சடையும் மட்டுமல்ல காரணம்.

ஆனால் 1998, 2003 இறுதிப் போட்டிகள் இரண்டிலும் ஜுவென்டஸ் பக்கம் டேவிட்ஸ் நின்றார், இரண்டிலும் கோப்பை சீடோர்ஃபின் பக்கம் போனது. இதை மட்டும் வேண்டுமானால் வாய்ப்பு என்று சொல்லுங்கள்.

பெனால்டிப் புள்ளி

அந்த ஒப்பீடு எனக்குப் பிடித்திருக்கிறது. தேசிய அணியில் ஏன் சரிவரவில்லை என்பதற்கும் அது ஓரளவு விடை தருகிறது. ஆண்டுக்கு ஏழெட்டு ஆட்டங்களுக்காகக் கூடும் அணியில், கேட்டவுடன் ஒரே வேலையைச் செய்து முடிப்பவர் பயன்படுவார். பொருந்துவதற்கு நாள் எடுத்துக்கொள்பவருக்கு அங்கே நேரம் கிடைக்காது.

மழைநாள் ஆட்டம்

போட்டஃபோகோவை யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன். 2012 கோடையில் நெஸ்தா, கட்டூசோ, இன்சாகி ஆகியோரோடு சீடோர்ஃபும் மிலானை விட்டு வெளியேறினார். அந்த வயதில் பணத்துக்காக எங்கேனும் போய் இரண்டு ஆண்டுகளை ஓட்டியிருக்கலாம். அவர் ரியோ டி ஜெனீரோவின் போட்டஃபோகோவைத் தேர்ந்தெடுத்தார். ஐரோப்பாவில் பிறந்தோ வளர்ந்தோ புகழ்பெற்றவர்கள் பிரேசில் லீக்கில் ஆடப் போவது அத்தி பூத்தாற்போலத்தான் நடக்கும். போர்த்துகீசு மொழி அவருக்கு முன்பே தெரியும் என்பதால் முதல் நாளிலிருந்தே இளம் வீரர்களோடு அவரவர் மொழியிலேயே பேச முடிந்தது.

2013-ல் ரியோ மாநிலப் பட்டப் போட்டியின் இரண்டு கட்டங்களையும் போட்டஃபோகோவே வென்றதால் இறுதி ஆட்டத்துக்கே தேவை இல்லாமல் போனது. அதே ஆண்டு தேசிய லீக்கில் நான்காம் இடம் பிடித்து, தென் அமெரிக்கக் கிளப்புகளின் லிபர்தடோரஸ் கோப்பைக்கும் தகுதி பெற்றது. அந்த ஆட்டங்களின் பதிவுகளில் அவர் ஓடுவதைவிடக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பதே அதிகம். யார் எங்கே நிற்க வேண்டும், யார் பின்னால் வர வேண்டும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பார். பெனால்டிப் புள்ளி சொன்ன அந்தக் குணம், 37 வயதில், இருபது வயதுப் பையன்கள் நிறைந்த அணியில், அப்படியே வேலைத் தகுதியாக மாறிவிட்டது.

2014 ஜனவரியில் ஆட்டத்தை நிறுத்திய கையோடு மிலானின் பயிற்சியாளராகப் போனதைத்தான் நான் தவறு என்பேன். முதல் பாதியில் 22 புள்ளிகளே எடுத்திருந்த அணி, அவருடைய 19 லீக் ஆட்டங்களில் 35 புள்ளிகள் எடுத்தது. ஆனாலும் எட்டாம் இடத்தில் முடிந்தது, ஜூனில் அவரை நீக்கிவிட்டார்கள். அந்த 35 புள்ளிகள் குறைவானவை அல்ல. லிபர்தடோரஸில் ஒரு முறை ஆடிவிட்டுப் போயிருக்கலாம். ஐந்தாவது கண்டப் பெருங்கோப்பைக்கு அல்ல, பார்ப்பவர்களுக்காக.

நடுக்கோடு

அனைவருக்கும் நன்றி. எட்டாம் எண் சொன்னபடி 2007 அரையிறுதியை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். இந்த முறை பந்தை விட்டுவிட்டு அவர் ஒருவரை மட்டுமே தொடர்ந்தேன். இரண்டாம் கோலைவிட எனக்கு வேறொன்றுதான் மனத்தில் நிற்கிறது. மிலான் முன்னணியில் இருந்தபோது, யுனைடெட் வீரர் ஒருவர் முதுகோடு ஒட்டி நெருக்க, இவர் தொடுகோட்டின் அருகே பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பாஸ் கொடுக்க எவரும் வரும்வரை அசையவில்லை. யாரோ வந்தார், கொடுத்தார், திரும்பி நடந்தார். முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் நான் வேகமாக ஓட்டிவிட்டிருக்கிறேன்.

அடுத்ததாக சம்ப்டோரியா பருவத்தின் முழு ஆட்டங்கள் எதையேனும் எவரேனும் பார்த்திருந்தால், எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.